எல்லோருக்கும் ஒரே இடம்

மத்திகிரி சமுதாயக் கூடத்தில் கைதட்டல் ஓங்கி ஒலித்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர் மாதவன் மட்டும் தலைகுனிந்திருந்தார். அஃது அடக்கத்தின் மிகுதி என அனைவரும் எண்ணினர்.

"ஒரு வீடு விடாம இணைய வரைபடத்துல கருத்துச் சொன்னது உங்க தெரு மட்டும்தான்," என்றார் நகரத் திட்ட அலுவலர் பிரியதர்ஷினி. கம்பெனிப் பேருந்து நிற்க வேண்டிய இடத்தை, மக்கள் தத்தம் கைபேசியில் புள்ளியிட்டுக் காட்ட வேண்டும் என்பதே ஏற்பாடு.

"சார்தான் வீடு வீடா வந்து ஓடிபி கேட்டாரு. கேஸ்காரன் வந்தாகூட யோசிச்சுக் குடுப்போம், இவருக்கு உடனே குடுத்துட்டோம்," என்றார் எதிர்வீட்டுக் கோபி. கூடம் சிரித்தது.

அவர்கள் அனைவரும் கேட்டது தெருமுனையை. அந்த ஓடிபிகளைக் கொண்டு அவர்கள் பெயரில் மாதவன் குறித்ததோ, கடைசி வீட்டையும் தாண்டி, மாந்தோப்பை ஒட்டிய தமது காலி மனையின் வாசலை. பேருந்து நின்றால் அங்கே கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்பது அவர்தம் எண்ணம். ஆயினும், விரலின் பருமனால் புள்ளிகள் யாவும் சாலையை விட்டு விலகி, மனைக்குள்ளேயே விழுந்திருந்தன.

வரைபடம் திரையில் விரிந்தது.

"பக்கத்துல தெருமுனை இருக்க, ஏன் எல்லாரும் இவ்வளவு தூரம் போனீங்க? இது யாரோ ஒருத்தரோட மனை மாதிரி இருக்கே?" என வினவினார் பிரியதர்ஷினி.

அவ்வேளையில் சென்னம்மாள் எழுந்தார். இரண்டாம் ஷிப்டு முடித்து இருளில் தனியே நடந்து வரும் மகளை எண்ணி, தெருமுனையில் நிறுத்தம் வேண்டுமென முதன்முதலில் கேட்டவர் அவரே.

"எங்க ஓடிபி வாங்கி சார் புள்ளிய எங்க வெச்சாருன்னு நேத்தே போன்ல பாத்துட்டோம் மேடம்."

"சென்னம்மா... அதை நான் தனியா சொல்றேனே," என்று மாதவன் எழுந்து குரல் தாழ்த்தினார்.

"நீங்க உக்காருங்க சார். நீங்க எங்க வாயத் தொறக்கப் போறீங்க? நானே சொல்லிடறேன்."

சென்னம்மாள் அலுவலரை நோக்கிக் கைகூப்பினார்.

"எம் பொண்ணு இன்னும் கொஞ்ச தூரம் நடந்து வரட்டும் மேடம். பஸ்ஸு நிக்கச் சொந்த மனையவே சார் சும்மா குடுக்கறப்போ, எங்களால இதுகூட முடியாதா?"