சுண்டுவிரல் மடங்குதா?

எதிரணி பலூக்கின் மட்டை டேரனின் வலது முழங்கையில் வந்து விழுந்தது. கவசத்தின் மேல்தான் விழுந்தது. ஆனால் இடம் பார்த்து விழுந்த அடி அது. உட்பக்கம், தையல் தழும்பு இருக்கிற அதே இடம்.

"என்ன, ஷாக் அடிக்குதா?" என்று கேட்டுவிட்டுப் பனித்தரையில் வழுக்கிக்கொண்டு போய்விட்டான் பலூக். நடுவர் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டேரன் பல்லைக் கடித்துக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பினான். ஐஸ் ஹாக்கியில் அவன் கோல் போடுகிறவன் இல்லை. தன் அணிக்காரன் மேல் எவனாவது கை வைத்தால், கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவனை அடிக்கிறவன். கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் அந்தச் சின்ன ஊர் அணி அவனை வைத்திருப்பதே அவனுடைய வலது கைக்காகத்தான்.

அந்தக் கைதான் போன குளிர்காலத்தில் அவன் காலை வாரிவிட்டது. முழங்கையில் நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. பல் துலக்கினால் பிரஷ் நழுவும், முஷ்டி பிடித்தால் பாதிதான் மூடும். டாக்டர் அறுத்து, இறுகிக் கிடந்த நரம்பை விடுவித்து, எலும்புக்குப் பின்னாலிருந்து முன்னால் நகர்த்தித் தைத்து அனுப்பினார். கோடை முழுக்க ரப்பர் பந்தைப் பிசைந்தவனுக்கு இன்றைக்குத்தான் முதல் ஆட்டம்.

"உன் கையைக் குறி வெச்சுட்டான்," என்றார் பயிற்சியாளர் மக்கே, பின்னாலிருந்து குனிந்து. "மறுபடி வருவான்."

"வரட்டும்."

"சண்டைக்குக் கூப்பிட்டா நீ போகணும் தம்பி. அந்தக் கை ஓடுதான்னு நான் இன்னைக்குப் பாத்தாகணும். ஓடலேன்னா உன் எடத்துக்கு வேற ஆளு வர்றான். என் மேல வருத்தப்படாத." கொஞ்சம் தயங்கிவிட்டு, "டாக்டர் என்ன சொன்னாரு, அடிக்கலாமா?" என்றார்.

"பந்து பிசையலாம்னாரு. மூஞ்சியப் பிசையலாமான்னு நான் கேக்கல."

அடுத்த முறை களத்தில் இறங்கியதும் பலூக் பக்கத்திலேயே வந்து நின்றான். கதவு மாதிரி ஆள். அவனிடம் தாடையைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் அந்த மாகாணத்தில் நிறைய.

"போலாமா?" என்றான். கேட்காமல் கை நீட்டுகிறவனை அங்கே யாரும் மதிப்பதில்லை.

டேரன் கையுறைக்குள்ளேயே விரல்களை மடக்கிப் பார்த்தான்.

"எங்க, அந்தச் சுண்டுவிரல மடக்கு பாக்கலாம். மடங்குதா, இல்ல வெந்த மக்ரோனி மாதிரி தொங்குதா?"

"உன் மூக்குக்குள்ள விட்டு மடக்கிக் காட்டறேன். வா."

நான்கு கையுறைகள் பனியில் விழுந்தன. அந்த ஆட்டத்தின் வழக்கப்படி நடுவர்கள் விலகி நின்றார்கள். கூட்டம் எழுந்து கண்ணாடித் தடுப்பைத் தட்டத் தொடங்கியது. ரத்தம் ஆகாதவர்கள் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், செல்லங்களா.

பலூக்கின் இடது கை முதலில் பாய்ந்தது. டேரனின் புருவம் கிழிந்து, கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. பலூக் வலது கையால் அவன் சட்டைக் கழுத்தைக் கொத்தாகப் பிடித்து இழுத்தான். பிடி நழுவியது. மறுபடி பிடித்தான், மறுபடியும் நழுவியது. அதற்குள் இடது கை இன்னொரு முறை வந்து உதட்டைக் கிழித்தது.

டேரன் வலது கையை ஓங்கினான். ஓங்கிய கை பாதியில் பயந்தது. தையல் பிரிந்துவிடுமோ, நரம்பு அறுந்துவிடுமோ என்று உடம்பே அதைப் பின்னுக்கு இழுத்தது. குத்து பலூக்கின் கன்னத்தில் பூ மாதிரி விழுந்தது.

"இவ்வளவுதானா?" பலூக் முகத்தை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தான். "உன் டாக்டர்கிட்ட காசத் திருப்பிக் கேளு. முழுசா அடிடா, கோழ."

எங்கிருந்து வந்ததோ அந்த வெறி. ஐந்து விரலும் சேர்ந்து கல்லாக மூடிக்கொண்டன. டேரன் தோளிலிருந்து குத்தினான். பலூக்கின் மூக்கு உடைந்த சத்தம் மேல் வரிசை வரைக்கும் கேட்டது. விடவில்லை. வாயில், தாடையில், காதோரத்தில் குத்திக்கொண்டே இருந்தான். ஒரு பல் பனியில் தெறித்து உருண்டது. கதவு சாய்ந்தது. விழுந்தவனை அடிக்கக் கூடாது, அதனால் அத்தோடு நிறுத்தினான்.

இருவருக்கும் ஐந்து நிமிடத் தண்டனை. ஆளுக்கொரு கூண்டு, நடுவே ஒரு கண்ணாடிப் பலகை.

டேரன் உட்கார்ந்து கையை விரித்தான், மூடினான். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. சுண்டுவிரல் விண்விண்ணென்று தெறித்தது. செத்துப்போன விரல் வலிக்காது. அவனுக்கு அழுகை வந்தது. எதிர்ப்பக்கம், தங்கள் அணிப் பெஞ்சிலிருந்து மக்கே அவனைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினார்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். பலூக்தான். மூக்கில் வைத்திருந்த துண்டு முழுக்கச் சிவப்பு.

டேரன் துள்ளி எழுந்தான். "இன்னும் வேணுமா உனக்கு?"

பலூக் பின்னால் திரும்பித் தன் அணிக்காரர்கள் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டான். பிறகு கண்ணாடி இடுக்கில் வாயை வைத்தான்.

"எனக்கும் அதே ரெண்டு விரல்தான்ப்பா. எந்த டாக்டர்?"