இயக்குநரின் கால்விரல்

லக்ஷ்மிபாய் நகர் பாலே பள்ளியின் கண்ணாடிச் சுவரில் காலை வெயில் படிந்திருக்கிறது. பதினெட்டு வருஷம் ஐரோப்பிய மேடைகளில் ஆடிவிட்டு, இன்று இங்கே கலை இயக்குநராக வந்திருக்கும் ஜ்யோத்ஸ்னாவைப் பிள்ளைகள் மொய்க்கிறார்கள். அந்தப் பதவி தனக்குத்தான் என்று நம்பியிருந்த எவாஞ்சலின் பியானோ ஓரம் நின்று பொருமுகிறாள். இருவரும் கூடப் படித்த நாளில் எவாஞ்சலின்தான் உயரத் துள்ளியவள். பிள்ளைகள் போனதும் ஜ்யோத்ஸ்னா ஷூவைக் கழற்றுகிறாள். நகம் போன கட்டைவிரலில் ரத்தம் கசிகிறது. பாலே ஆடுகிறவர்கள் பாதத்தை யாருக்கும் காட்டுவதில்லை. “யார்கிட்டயும் சொல்லாதே எவா. ஆட முடியாமத் திரும்பி வந்துட்டான்னு பேசுவாங்க.” “வந்தது வந்தே, என் இடத்துக்கா வரணும்? காலை நீட்டு, ஜல்தி,” என்கிறாள் எவாஞ்சலின். தரையில் உட்கார்ந்து அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, ‘ஆண்டவரே, இந்தப் பொறாமையை எடுத்துப்போடும்’ என்று உள்ளுக்குள் வேண்டியபடி, ஈரப் பஞ்சால் மெல்ல ஒற்றுகிறாள்.