ஏழு பூட்டுக் கதவு

"என்னங்கய்யா இது, கதவா சல்லடையா?"

தச்சர் வாசல் கதவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். மேலிருந்து கீழ்வரை ஏழு இடத்தில் ஓட்டை. எல்லாவற்றையும் மரத்துண்டு வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தது.

"அதெல்லாம் பூட்டு இருந்த இடம்," என்றார் பூட்டுக்காரர். கடைத்தெருவில் முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். "கதவுக்கு என்ன குறைச்சல்? மாத்த வேணாம்னா இவ கேக்க மாட்டேங்கிறா."

"அடிப்பக்கம் உளுத்துப் போச்சு, மழை பெஞ்சா தண்ணி உள்ள வருது. இதுல குறைச்சல் இல்லையாம்!"

சொல்லிக்கொண்டே மனைவி வந்தாள். ஒரு கையில் தண்ணீர்த் தம்ளர், மறு கையில் மாத்திரை. தம்ளரைக் கணவரிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஏழு பூட்டா! வீட்டுல புதையல் ஏதாவது இருந்துச்சாம்மா?"

"நாலு பாத்திரமும் ஒரு பாயும்தான் இருந்துச்சு," என்று சிரித்தாள். "அது ஒரு நோய்ங்க. மனசுல வர்றது. எதிர்வீட்டு ஜன்னல்ல யாரோ வேவு பார்க்கிற மாதிரி, குடிக்கிற தண்ணியில என்னமோ கலந்துட்ட மாதிரி... இல்லவே இல்லன்னு யார் சொன்னாலும் மண்டையில ஏறாது. இன்னொரு பூட்டு மாட்டினாத்தான் கண்ணு மூடும்."

ஒவ்வோர் ஓட்டையாகத் தொட்டுக் காட்டினாள். கல்யாண ஆல்பம் புரட்டுகிறவள் மாதிரி முகம் கனிந்திருந்தது.

"மாத்திரை ஆரம்பிச்சு மூணு மாசத்துல இது கழண்டுச்சு. பெரியவன் நடக்கப் பழகினப்ப இது. இது கழண்ட அன்னிக்கு ரெண்டு பேரும் சினிமாவுக்குப் போனோம். பாதிப் படத்துல எழுந்து ஓடி வந்துட்டோம். ஆனாலும் போனோம்ல!"

"இந்த இடத்துல மட்டும் ஏன் ரெண்டு ஓட்டை?"

"நல்லாத்தானே இருக்கோம்னு மாத்திரையை நிறுத்தினதோட பலன். கழட்டின பூட்டு திரும்பி வந்துடுச்சு. அதுக்கப்புறம் ஒரு வேளைகூட விட்டதில்ல."

பூட்டுக்காரரின் கண்கள் கலங்கியிருந்தன. அந்த நாட்களை நினைத்தால் அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

தச்சர் குரலைத் தாழ்த்தினார். "ஐயா இப்ப எப்படிம்மா இருக்கார்?"

"நல்லா இருக்கார். பயம்தான் இன்னும் விட்டபாடில்ல. இந்தக் கதவு போனா பழசெல்லாம் திரும்பி வந்துடுமோன்னு தவிக்கிறார்."

தச்சர் அளவு நாடாவை விரித்தார். "ஐயா, புதுக் கதவுக்கு எத்தனை பூட்டு? நீங்க சொல்றதுதான்."

பூட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். "எதுக்கும் ரெண்டா வச்சுக்கலாமே..."

"ஒண்ணு போதுங்க. நிஜமாத்தான் சொல்றேன்."

அவர் நீட்டிய தம்ளரை வாங்கி, மாத்திரையைத் தன் வாயில் போட்டு விழுங்கினாள்.

"பாவம் மனுஷன், நான் பயந்தப்பல்லாம் சண்டை போடாம ஒவ்வொண்ணா மாட்டித் தந்தார்," என்றாள் தச்சரிடம். "கழட்டினதெல்லாம் நான்தான்!"