பத்து நிமிஷப் பாடம்

"நிறுத்தும்மா அவனை! என்ன பேச்சுப் பேசறான் பாரு!" என்றார் டென்சில்.

ஸ்னேஹா தன் டேப்லெட்டின் திரையைத் தொட்டாள். வீடியோ நின்றது. ஒரு கிட்டாரும் இரண்டு கைகளும் மட்டும் அப்படியே உறைந்து நின்றன. அந்தச் சேனலில் எப்போதுமே அப்படித்தான். பழைய ராக் பாட்டுகளைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லித் தருகிற ஆள், ஒரு தடவைகூட முகத்தைக் காட்டியதில்லை. கம்பிகளின் மேல் அந்த விரல்கள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் ஸ்னேஹாவுக்கே தலை சுற்றும்.

லிங்கராஜபுரத்தில் இருந்த அந்த வீட்டுக்கு அவள் ஐந்து மாதமாக வருகிறாள். பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் டென்சிலின் இடது பக்கத்தைச் சாய்த்திருந்தது. கால் ஒரு வழியாகத் தேறிவிட்டது. பேச்சில் குழறல் இன்னும் போகவில்லை. இடது கை விரல்கள்தான் மடங்கியது மடங்கியபடி அடம்பிடித்தன. பந்தை அமுக்கச் சொன்னால் விட்டெறிவார். துணி கிளிப்பைப் பிடிக்கச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒருநாள் அவராகவேதான் கேட்டார், "கிட்டார் கத்துக்கலாமா?"

அறுபது வயதுக்கு மேல் இப்படி ஓர் ஆசையா என்று ஸ்னேஹாவுக்கு ஆச்சரியம். ஆனால் விரல்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி ஏது? அவர் மனைவி கேரல் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கிட்டாரை இழுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். "சும்மாதான் கிடக்குது" என்று மட்டும் சொன்னார். எந்தச் சேனலைப் பார்ப்பது என்று முடிவு செய்தவர் டென்சில்.

இரண்டு மாதத்தில் மூன்று விரல்கள் திறந்துகொண்டன. இப்போது எஃப் கார்டு என்ற ஸ்வரக் கூட்டில் வந்து மாட்டிக்கொண்டார். ஆட்காட்டி விரலை நீட்டிப் படுக்க வைத்து, ஆறு கம்பிகளையும் ஒன்றாக அழுத்த வேண்டும்.

"இன்னும் ஒரே ஒரு தடவை, அங்கிள்."

டென்சில் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். வலது கையால் மீட்டினார். பலகையைத் தட்டியதுபோல 'பொத்'தென்று ஒரு சத்தம் வந்தது.

ஸ்னேஹா வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். "ரொம்ப ஈஸி மச்சி!" என்றது துள்ளலான குரல். "பத்தே நிமிஷம். அதுக்குள்ள வரலையா? அப்ப நீ பிராக்டிஸ் பண்ணல, அவ்வளவுதான்!"

சமையலறை வாசலில் நின்றிருந்த கேரல் சட்டென்று உள்ளே போய்விட்டார். இந்த வீடியோ ஓடும்போதெல்லாம் அவர் கூடத்தில் இருப்பதே இல்லை.

டென்சில் கிட்டாரை மடியிலிருந்து இறக்கினார். "பேடா, வேணாம். போதும்மா. பன்னெண்டு நாளாச்சு. நாளையிலேருந்து இது வேணாம்."

"கையை விட்டுட்டா மறுபடி இறுகிடும் அங்கிள்."

"இறுகட்டும்."

இந்தக் குரலை அவள் வேறு வீடுகளிலும் கேட்டிருக்கிறாள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் திரும்பப் பயிற்சிக்கு வந்ததில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அவளுடைய கோபம் முழுவதும் திரையில் இருந்த அந்தக் கைகளின் மேல் திரும்பியது.

"தப்பு உங்க மேல இல்ல அங்கிள். இந்த ஆளுக்குச் சொல்லிக் குடுக்கவே தெரியல."

"சரியாச் சொன்ன." டென்சில் திரையையே பார்த்தார். "கை நல்லா இருக்கிற திமிரு. ஒரு விரல் பேச்சுக் கேக்கலைன்னா எப்படி இருக்கும்னு அவனுக்கு என்ன தெரியும்?"

"தெரியட்டும். இதோ எழுதறேன்."

"எழுதறியா? யாருக்கு?"

ஸ்னேஹா வீடியோவுக்குக் கீழே கமென்டில் விறுவிறுவென்று தட்டினாள். 'சார், பக்கவாதம் வந்த கையோட ஒருத்தர் உங்க பாடத்தைப் பார்த்து தினமும் ஒரு மணி நேரம் பழகறார். நீங்க சொன்ன பத்து நிமிஷம் அவருக்குப் பன்னிரண்டு நாள் ஆகியும் முடியல. அவர் பிராக்டிஸ் பண்ணலைன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. அவரை மாதிரி கைகளுக்காக, மெதுவா ஒரு பாடம் போடுங்க.'

"வேணாம்மா. அனுப்பாத!" டென்சில் அவசரமாகக் கையை நீட்டினார். நீண்டது இடது கை. அதை அவரும் கவனிக்கவில்லை, அவளும் கவனிக்கவில்லை.

"அனுப்பிட்டேன்" என்றாள் ஸ்னேஹா.

டென்சிலின் சட்டைப் பையில் போன் 'டிங்' என்றது.

அவர் அதை எடுக்கவில்லை. தலை குனிந்துகொண்டார். கேரல்தான் கூடத்துக்கு வந்து, போனை எடுத்துக் கண்ணருகே வைத்து மெதுவாகப் படித்தார்.

"'சார், பக்கவாதம் வந்த கையோட ஒருத்தர்...'" போனை ஸ்னேஹாவின் பக்கம் திருப்பினார்.

ஸ்னேஹா விழித்தாள். "ஆன்ட்டி, நான் அந்தச் சேனலுக்குத்தானே எழுதினேன்?"

கேரல் தலையாட்டிவிட்டு, கணவரின் மடங்கிய விரல்களைப் பார்த்தார்.

"சொன்னா நீயும் பாவம்னு பார்ப்ப" என்றார் டென்சில். "புதுசாக் கத்துக்கிறவனைப் பார்த்து யாரும் பாவப்படறதில்ல."

பிறகு கிட்டாரை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "கேரல், என் கேமராவை எடு. போன வருஷம் நான் போட்ட பாடம் சரியில்லையாம்."