மஞ்சள் பூசிய நடைக்கூடம்

பெய்ரூட்டின் அந்தப் பாலர் பள்ளியில், தரையில் விரித்த பெரிய தாளில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு வீடு வரைந்தார்கள். பயத்துக்குச் சிவப்பு, சந்தோஷத்துக்கு மஞ்சள் என்று ஹனாதி டீச்சர் சொல்லியிருந்தாள்.

குண்டு விழுந்த நாள்களில் எல்லா வீட்டிலும் ஜன்னல் இல்லாத நடைக்கூடத்தில்தான் படுத்தார்கள். படத்தில் அதைப் பிள்ளைகள் சிவப்பாக்கினார்கள். தாலா மட்டும் அதன்மேல் மஞ்சளைப் பூசினாள்.

"மிஸ், இவ கெடுக்கிறா. இந்தக் கழுதைக்குக் கலரே தெரியல," என்றான் கரம்.

"உனக்குத்தான்டா தெரியல," என்றாள் தாலா.

ஹனாதி அவளருகே உட்கார்ந்தாள். "அங்க உனக்குப் பயமா இல்லையா, கண்ணு?"

"பயந்தான். ஆனா அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் படுத்துக்கிட்டாங்க. அப்பா விடுற குறட்டையில குண்டுச் சத்தமே கேக்காது."

இந்தப் போர் எத்தனையோ அப்பாக்களைக் கொண்டுபோயிருந்தது. ஹனாதி தயங்கித்தான் கேட்டாள். "அப்பா இப்ப எங்கம்மா?"

"அவரோட தனி வீட்டுல. குண்டு போடுறது நின்னதும், 'இனி நீங்க கிளம்பலாம்'னு அம்மா சொல்லிட்டாங்க."

மிச்சமிருந்த சிவப்பையும் தாலா மூடினாள். பிறகு டீச்சரின் காதோரம் வந்தாள்.

"மிஸ், மறுபடி எப்ப குண்டு போடுவாங்க?"