பீலியில் கவரேஜ் இல்லை

பீலிக்கு இறங்கும் கடைசிப் படியில் கவரேஜ் அளக்கும் மீட்டர் செத்துப்போனது.

சுஜீதா அதை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தாள். ஒரு கோடுகூட இல்லை. இரண்டு பக்கமும் பாறை, மேலே றப்பர் மரங்கள், நடுவில் குழாய் வழியாக மலைத்தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்துப் பெண்கள் குளிப்பதும் துவைப்பதும் இங்கேதான்.

கரவனெல்லைப் பக்கத்தில் இவ்வளவு சுத்தமாகக் கவரேஜ் இல்லாத ஓர் இடத்தை அவள் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட இடங்களோடு மல்லுக்கட்டுவதுதான் அவளுடைய பிழைப்பு. இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில், வரிசைவீடுகளான லயத்தில் பிறந்தவள். பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட செய்தியைக்கூட மலை உச்சிக்கு ஏறிப்போய்த்தான் போனில் கேட்டாள். பிறகு கம்பியில்லாத் தொடர்பில் பட்டத்துக்கு மேல் பட்டம், பின்லாந்தில் சில வருடக் குளிர், இப்போது கொழும்பில் பேராசிரியர். மலையும் பள்ளமுமான ஊர்களில் போன் அலை எங்கே வளைகிறது, எங்கே தொலைகிறது என்று அவள் எழுதியதை எங்கெங்கோ வாசிக்கிறார்கள்.

தோட்டத்தில் ‘போன் டொக்டர்’ என்றார்கள். வந்த அன்றே ஆளாளுக்கு உடைந்த போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அளக்க மாணவர்களை அனுப்பினாலே போதும். ஆனாலும் அவளேதான் வருவாள். எவ்வளவு பெரிய படிப்புப் படித்தவள், அட்டைக்கடியோடு அலைகிறாளே என்று எல்லோரும் மெச்சினார்கள்.

அளக்கும் நேரத்தில் தன் சொந்தப் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவாள். அலை குழம்பிவிடும் என்பாள். டிரைவர் பயாஸுக்கு அது விளங்கவில்லை. படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

தோட்டத்துக்கு ஒரு சின்ன அன்டெனா வைக்க வேண்டும். இப்போது வீட்டுக்கு வெளியே வந்தால்தான் எடுக்கிறது. கோவில் மேட்டில் வைத்தால் லயத்து வீடுகளுக்குள் எல்லாம் எடுக்கும், பள்ளிக்கூடத்தில் எடுக்கும், அவசரத்துக்கு அம்புலன்ஸைக் கூப்பிடலாம். பீலி மட்டும் விட்டுப்போகும். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் வைத்தால் பீலியும் சேர்ந்துவிடும். செலவு ஒன்றுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கீழே கல்லில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பால் வெட்டி, ஸ்டோரில் கொடுத்துவிட்டு நேராக வந்தவள். சட்டையில் றப்பர் பால் காய்ந்திருந்தது. பக்கத்தில் வாளி நிறைய அழுக்குத் துணி. அவள் துவைக்கவில்லை, குளிக்கவும் இல்லை. தண்ணீரில் காலைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தாள்.

கிருஷ்ணகுமாரி என்று பெயர் சொன்னாள். மீட்டரைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

“மிஸ், இனி இங்கயும் கவரேஜ் வருமா?”

வரும் என்றாள் சுஜீதா. நல்ல செய்தி சொல்லும்போது அவளுக்குக் குரல் தானாக உயரும்.

கிருஷ்ணகுமாரியின் முகம் விழுந்துவிட்டது.

“வேணாங்க மிஸ். இந்த ஒரு எடத்தையாச்சும் உட்டுருங்க.”

புருஷன் சுமன் கட்டாரில் இருக்கிறான். நல்லவன்தான், குடியில்லை, கைநீட்டியதில்லை. ஆனால் அவள் மரத்தடியில் நிற்கும்போது கூப்பிடுவான். ஸ்டோரில் வரிசையில் நிற்கும்போது கூப்பிடுவான். முகத்தைக் காட்டினால் போதாது. பக்கத்தில் யார், பின்னால் யார் என்று போனைச் சுற்றிக் காட்ட வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த நிமிடம் மாமியாரின் போன் அடிக்கும்.

“பீலியில கவரேஜ் இல்லன்னு அவருக்கே தெரியுங்க. இங்கன பொறந்து வளந்தவருதானே. குளிக்கப் போறேன்னா மட்டும் ஒண்ணும் கேக்க மாட்டாரு.”

இதைச் சொல்லி அவள் அழவில்லை. சோற்றுக்கு உப்புப் போதாது என்பதுபோல்தான் சொன்னாள்.

வழுக்கி விழுந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று சுஜீதா கேட்டாள். கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

“கத்துனா லயத்துக்கே கேக்கும் மிஸ். அதுக்குப் போன் எதுக்கு?”

சுஜீதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீட்டரை அணைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, எதிர்க் கல்லில் உட்கார்ந்து தண்ணீரில் காலைப் போட்டாள். நல்ல குளிர். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

மேலே ஏறி, கோவில் மேட்டில் நின்ற வேனுக்குள் மடிக்கணினியைத் திறந்தாள். அன்டெனா வைக்கும் இடம்: கோவில் மேடு. பீலிப் பகுதி: பாறை மறைப்பதால் எங்கே வைத்தாலும் சாத்தியமில்லை.

ஆராய்ச்சி அறிக்கையில் அவள் எழுதிய முதல் பொய் அது.

பையிலிருந்து போனை எடுத்து உயிர்கொடுத்தாள். மேட்டில் அலைக்குக் குறைவில்லை. எல்லாக் கோடுகளும் ஏறி நின்றன. உடனே அடித்தது. கொழும்பிலிருந்து அவள் கணவன் ஜனார்த்தனன்.

“காலையில இருந்து எங்க போன? வீடியோவப் போடு. பக்கத்துல யாரு?”

சுஜீதா திரையின் மூலையில் நிறைந்து நின்ற கோடுகளைப் பார்த்தாள்.

“கவரேஜ் பத்தாதுங்க,” என்றாள்.

அவன் நம்பினான். இந்த விஷயத்தில் தன் மனைவியை மிஞ்ச இலங்கையிலேயே ஆளில்லை என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமையடிப்பவன் அவன்தானே.