உதடு படாத கோப்பை

பழைய ஓவியக் கோப்பைகளைச் சேர்ப்பவர் ஒருவரின் கண்ணாடி அலமாரியில், தங்க விளிம்பிட்ட ரோஜாக் கோப்பை ஒன்று இருந்தது. சமையலறை எவர்சில்வர் தம்ளரை அது, "ஏ நசுங்கலே!" என்றே அழைக்கும்.

ஒரு நண்பகலில், மின்விசிறி பழுதுபார்க்க வந்தவர் தலைசுற்றித் தரையில் அமர்ந்தார்.

"சார், கொஞ்சம் தண்ணி..."

பதறிய வீட்டுக்காரரின் கை அலமாரிக்குள் நீண்டது.

"ஐயோ, என் தங்கம் தேய்ந்துவிடும்!" என்று ரோஜாக் கோப்பை மற்ற கோப்பைகளுக்குப் பின்னால் ஒளிந்தது. தம்ளரோ சமையல் மேடையிலிருந்து குதித்து, உருண்டு, வீட்டுக்காரர் காலடிக்கு வந்து சேர்ந்தது; அவர் அதிலேயே தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்.

பின்னர் கோப்பை மெல்லக் கேட்டது: "அவர் தேறிவிட்டாரா, அண்ணே?"

"இரண்டு மடக்கிலேயே கண் தெளிந்துவிட்டது, தம்பி," என்றது, புது நசுங்கலோடு தம்ளர்.

மாலையில் விருந்தினரிடம் வீட்டுக்காரர், "இதில் ஓர் உதடுகூடப் பட்டதில்லை!" என்று ரோஜாக் கோப்பையைப் பெருமையோடு காட்டினார்.

கோப்பை தன் ரோஜாவைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது.